திரைந்த தோல்

திரை என்னுஞ் சொல்லுக்குக் கடலலை, எழினி, தோற்சுருக்கம் எனப் பொருள் பலவுள. நரையுந் திரையும் மூப்பின் குறிகளென்றே யாம் பாடங் கேட்டதுண்டு. ஆயின், 20 வயது நிரம்பாத எம் விடுதித் தோழரொருவர், 2 ஆண்டுகளில் 40 கிலோ எடை குறைந்தபின், வயிற்றிலும் மேற்கையிலுந் தோல் திரைந்து தொங்குதலாற் சட்டை கழற்றிக் குளிக்க நாணுகின்றார். முன்பு அவர் பருமனைக் கண்டு நகைத்த வாய்களே இன்று இதனையும் நகைக்கின்றன. அவற்றுள் எம் வாயும் ஒன்றாயிருந்தமையை மறைப்பதற்கில்லை.

இதன் காரணம் யாது? தோலின் உள்ளடுக்கிலே கொலாஜன், எலாஸ்டின் என்னும் இருவகை நார்கள் உள. முன்னது உறுதி தருவது; பின்னது இழுத்தால் மீளுந் தன்மையது. எலாஸ்டினிற் பெரும்பகுதி கருவிலும் இளமையிலுமே உண்டாகிவிடும். பின்னர் அது புதிதாய்த் தோன்றுதல் அரிது. பல்லாண்டு பருத்திருந்த உடலில் இந்நார்கள் நைந்துபோகின்றன. எனவே, கொழுப்புக் கரைந்தாலுந் தோல் முற்றும் மீள்வதில்லை. இதனைச் சோம்பலின் விளைவென்பது அறியாமை.

களிம்புகள் இதனை நீக்கமாட்டா, விலையோ மிகுதி. தசைப்பயிற்சி தோலின்கீழ் உள்ள வெற்றிடத்தை ஒருவாறு நிரப்பும். மடிப்புகளில் ஈரந் தங்கின் புண்ணுண்டாம். ஆதலின் நன்கு துவட்டல் வேண்டும். மிகுந்த தோலை அறுவையால் அகற்றலாம். ஆயின் எடை சில திங்கள் நிலைத்த பின்னரே மருத்துவர் இசைவர். நீண்ட தழும்பும் எஞ்சும். புகைப்போர்க்குக் காயம் எளிதில் ஆறாது.

தோழர் வைகறையில், பிறர் எழுமுன் குளிப்பது வழக்கம். சென்ற வாரம் யாமும் அந்நேரத்தே வாளியோடு சென்றோம். அவர் சற்றே ஒதுங்கி இடம் விட்டார், சட்டையைத் தேடவில்லை.