ஆறுமணிக் குருவி

குளிர்காலத்தில் நம் கொல்லைக்குப் புதிய பறவை ஒன்று வரலாம். பச்சை முதுகு. குட்டை வால். வயிற்றின் அடியில் சிவப்பு. அதுதான் ஆறுமணிக் குருவி. காலையும் மாலையும் ஆறு மணி அளவில் கூவும். அதனால் இந்தப் பெயர்.

கோடையில் இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் கூடு கட்டும். குளிர்காலத்தில் தமிழ்நாடு, கேரளம், இலங்கை வரை வரும்.

சருகைக் கிளறிப் புழு பூச்சிகளைத் தின்னும். ஆகவே கொல்லைச் சருகை எல்லாம் எரித்துவிடாதீர்கள். கொஞ்சம் விட்டு வையுங்கள்.

நெடுந்தூரம் பறந்து களைத்த குருவி சில சமயம் வீட்டுக்குள் விழும். அதைக் கூண்டில் அடைத்து வளர்க்கக் கூடாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். துளையிட்ட அட்டைப் பெட்டியில் சிறிது நேரம் ஓய்வெடுக்க விடுங்கள். தெளிந்ததும் மரங்கள் உள்ள இடத்தில் பறக்க விடுங்கள்.