காற்றைக் காணுதல்: திண்பொருள்களைச் சூழும் வளியோட்டமும் தமிழ்க் கலைச்சொற்களும்

ஆய்வுச் சுருக்கம்

திண்பொருள் ஒன்றைக் கடந்து செல்லும் காற்றின் போக்கினைப் புகை, சாயம், நூலிழை ஆகியவற்றால் புலப்படுத்துவது பாய்ம இயக்கவியல் ஆய்வகத்தின் அடிப்படைப் பயிற்சிகளுள் ஒன்றாகும். அப்பயிற்சியில் மாணவர் காண்பது எது, அதனைச் சுட்டத் தமிழில் வழங்கும் சொல் எது, அச்சொல் கண்ட பொருளுக்குப் பொருந்துகிறதா என்னும் மூன்று வினாக்களை இக்கட்டுரை கடலூர், சிதம்பரம் வட்டாரச் சான்றுகளின் துணைகொண்டு ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: பாய்மம், ஓட்டக்கோடு, சுவட்டுக்கோடு, சுழல், கொந்தளிப்பு, ரெனால்டு எண்.

1. முன்னுரை

ஐம்பூதங்களுள் ஒன்றாக வளியைத் தொல்காப்பியம் எண்ணுகிறது. பூதங்களின் பண்புகளை வகுத்த பழைய மரபு, வளிக்கு ஓசையும் ஊறும் உண்டு என்றும், கண்ணாற் காணத்தக்க உருவம் தீ முதலாகவே தொடங்கும் என்றும் கொண்டது. காற்றின் இயல்பறிந்து கலம் செலுத்திய திறம் புறநானூற்று 66ஆம் பாடலில் வெண்ணிக்குயத்தியாரால் போற்றப்படுகிறது. வாடை, கொண்டல், சோழகம், கச்சான் எனக் காற்றைத் திசைவழிப் பகுத்துணரும் வழக்கு தமிழ்க் கடற்கரை மக்களிடம் உண்டு. ஆயின், ஒரு பொருளைச் சுற்றிக் காற்று எவ்வாறு வளைகிறது, எங்கு அதனை விட்டுப் பிரிகிறது என்பன ஊற்றுணர்வால் மட்டும் அறியத்தக்கன அல்ல. இவற்றுக்கு உருவம் தருவதே ஆய்வகத்தின் பணி.

சேலத்தில் 1916ஆம் ஆண்டு தோன்றிய தமிழ்ச் சாத்திரப் பரிபாடைச் சங்கம் முதல் இன்றுவரை கலைச்சொல்லாக்கம் பெரும்பாலும் அயற்சொல்லுக்கு நிகர்ச்சொல் தேடும் முயற்சியாகவே நடந்துவந்துள்ளது. 2010ஆம் ஆண்டில் அண்ணா பல்கலைக்கழகம் குடிசார் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் கற்பிக்கத் தொடங்கிய பின்னர், சொல்லின் பொருத்தம் வகுப்பறையில் நேரடியாகச் சோதிக்கப்படும் நிலை உருவாயிற்று. 1929இல் நிறுவப்பெற்ற சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் போல, தமிழாய்வும் பொறியியற் கல்வியும் ஒரே வளாகத்தில் நிகழும் இடங்கள் இத்தகு ஆய்வுக்கு உரிய களங்களாகும்.

2. புலப்படுத்தும் முறைகள்

கண்ணாடிக் குழாயில் ஓடும் நீரில் சாயத்தை மெல்லிய இழையாகச் செலுத்தி, அவ்விழை கலையாது செல்லும் நிலையையும் சிதறும் நிலையையும் ஆசுபார்ன் ரெனால்ட்சு 1883இல் வேறுபடுத்திக் காட்டினார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சு அறிஞர் எத்தியேன் மாரே, புகையிழைகளைப் பல்வேறு வடிவப் பொருள்கள்மீது செலுத்தி ஒளிப்படம் எடுத்தார். 1904இல் லுத்விக் பிராண்டில் எல்லைப் படலக் கோட்பாட்டை வெளியிட்டபோது, நீர்க்கால்வாயில் நுண்துகள்களைத் தூவி எடுத்த படங்களைச் சான்றாக வைத்தார்.

இன்றைய கல்லூரி ஆய்வகத்துக்கு ஏற்ற எளிய முறை புகைக்கம்பி முறையாகும். ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் தடிப்புள்ள கம்பியில் எண்ணெய் தடவப்படுகிறது. எண்ணெய் சிறுசிறு துளிகளாகக் கம்பியில் தங்குகிறது. மின்னோட்டம் செலுத்தியதும் கம்பி சூடேற, ஒவ்வொரு துளியிலிருந்தும் ஓர் இழையாக எண்ணெய்ப் புகை எழுந்து பொருளை நோக்கிச் செல்கிறது. இம்முறைக்கு ஓர் எல்லை உண்டு. காற்றின் வேகம் மிகுந்தால் கம்பியே தன் பின்னால் சுழல்களைத் தோற்றுவித்துப் புகையைக் கலைத்துவிடும். ஆதலின் இத்தடிப்புள்ள கம்பியை நொடிக்கு 5 அல்லது 6 மீட்டர் வேகத்துக்கு மேல் பயன்படுத்துதல் அரிது.

காற்றோட்டத்தை நீரிலும் காணலாம். வேகத்தையும் பொருளின் அளவையும் பெருக்கி, பாய்மத்தின் இயக்கப் பாகுநிலையால் வகுத்துக் கிடைப்பது ரெனால்டு எண். ஒத்த வடிவப் பொருள்கள்மீது, ஒலியின் வேகத்தினும் மிகக் குறைந்த வேகத்தில் செல்லும் இரு சீரான ஓட்டங்களில் இவ்வெண் ஒன்றாயின், ஓட்டத்தின் வடிவமும் ஒன்றாகும். கடலூர் வட்டாரத்தில் இயல்பான 30 பாகை செல்சியசு வெப்பநிலையில் காற்றின் இயக்கப் பாகுநிலை நீரினதைப்போல் ஏறத்தாழ 20 மடங்கு. எனவே ஒரே பொருளின்மீது நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் வீசும் காற்றின் போக்கினை, நொடிக்கு 10 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடும் நீரில் நிதானமாகக் காணவியலும்.

3. மூவகைக் கோடுகள்

ஆய்வகப் படத்தில் தெரியும் புகையிழையை மாணவர் பலர் ஓட்டக்கோடு என்றே குறிக்கின்றனர். இஃது எப்போதும் உண்மையாவதில்லை. பாய்ம இயக்கவியல் மூவகைக் கோடுகளை வேறுபடுத்துகிறது.

முதலாவது, ஒரு கணத்தில் ஓட்டத்தின் திசையைத் தொட்டுச் செல்லும் கோடு. கடலூர் முதுநகர்த் துறைமுகத்தில் நிற்கும் படகுகளின் கொடிகள் அனைத்தும் ஒரே கணத்தில் காட்டும் திசைகளை இணைத்து வரைந்தால் கிடைப்பது இதுவே. இரண்டாவது, ஒரு துகள் காலப்போக்கில் கடந்த வழி. காற்றில் அகப்பட்ட ஒரு பஞ்சிழை சென்ற தடம் இதற்குச் சான்று. மூன்றாவது, ஒரே புள்ளியைக் கடந்து வந்த துகள்கள் யாவும் ஒரு கணத்தில் நிற்கும் நிரல். நெய்வேலி அனல்மின் நிலையப் புகைபோக்கியிலிருந்து நீளும் புகை இவ்வகையைச் சார்ந்தது. இவற்றை முறையே ஓட்டக்கோடு, தடக்கோடு, சுவட்டுக்கோடு என வழங்கலாம் என இக்கட்டுரை முன்மொழிகிறது.

காற்றின் போக்கு காலத்தால் மாறாதிருப்பின் மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும். மாறும்போது மூன்றும் வேறாகும். நெய்வேலிப் புகை வானில் வளைந்து கிடப்பதைக் கொண்டு அக்கணத்தில் காற்று வளைந்து வீசுகிறது என முடிவு செய்தல் பிழை. சற்று முன்பு காற்றின் திசை மாறியிருத்தலும் அவ்வளைவுக்குக் காரணமாகலாம். மாறும் ஓட்டத்தில் சுவட்டுக்கோடுகள் சுழல் இல்லாத இடத்திலும் சுழல் இருப்பதாகத் தோற்றந்தரும் என்பதை ஹாமா 1962இல் கணக்கிட்டுக் காட்டினார். மூன்று கருத்துகளுக்கும் ஒரே சொல்லை வழங்கும் மொழியில் இவ்வெச்சரிக்கையைக் கூறுவதே கடினமாகிவிடும்.

4. சுழலும் கொந்தளிப்பும்

உருளை ஒன்றின்மீது செல்லும் ஓட்டம் சொற்பொருத்தத்தைச் சோதிக்கச் சிறந்த சான்றாகும். ரெனால்டு எண் 5க்குக் கீழ் இருக்கையில் பாய்மம் உருளையைத் தழுவிச் சென்று பின்னால் மீண்டும் கூடுகிறது. 5 முதல் 40 வரையில் உருளையின் பின்புறம் இரு சுழல்கள் இணையாக ஒட்டி நிற்கின்றன. எண் ஏறத்தாழ 47ஐக் கடந்ததும் அச்சுழல்கள் மேலும் கீழுமாக மாறிமாறிக் கழன்று ஒழுங்கான இரு வரிசைகளாகச் செல்கின்றன. இவ்வமைப்பின் நிலைப்பாட்டை 1911, 1912 ஆண்டுகளில் தியோடர் வான் கார்மான் ஆராய்ந்தார். கொள்ளிடத்தில் நீர் பெருகும் காலத்தில் பாலத் தூண்களின் கீழ்ப்புறம் மாறிமாறித் தோன்றும் சுழிகள் இதன் இனத்தைச் சேர்ந்தவையே.

ரெனால்டு எண் 100 அளவில் இச்சுழல் வரிசை முற்றிலும் சீரானது. அதில் தாறுமாறான கலப்பு இல்லை. தமிழகப் பாடநூல்களில் சீர்கெட்ட ஓட்டத்துக்குச் ‘சுழற்சி ஓட்டம்’ என்னும் சொல் வழங்குகிறது. வரிச்சீர் ஓட்டம், சுழற்சி ஓட்டம் என்னும் இரண்டையும் எதிர்நிலைகளாகப் பயின்ற மாணவர், கார்மான் வரிசையைக் கண்டதும் அதனைச் சுழற்சி ஓட்டத்தில் அடக்குவது இயல்பு. கண் தந்த சான்று சரி. சொல் தந்த வகைப்பாடு தவறு. இலங்கைத் தமிழ் நூல்களில் வழங்கும் ‘கொந்தளிப்பு’ என்னும் சொல் சுழலைக் குறியாமல் ஒழுங்கின்மையைக் குறித்தலின், இவ்விடத்தில் அதுவே பொருத்தமுடையது. சுழல் என்பதனை வடிவத்துக்கும், கொந்தளிப்பு என்பதனை நிலைக்கும் வரையறுத்துவிட்டால், ‘கொந்தளிப்பற்ற சுழல் வரிசை’ எனத் தமிழில் முரணின்றிக் கூறவியலும்.

சுழல் கழலும் வேகத்துக்கும் பொருளின் தடிப்புக்கும் உள்ள உறவை 1878இல் வின்சென்சு சுட்ரவுகல், காற்றில் இசைக்கும் கம்பிகளைக் கொண்டு அளந்தார். கழலும் அதிர்வெண்ணைத் தடிப்பால் பெருக்கி வேகத்தால் வகுத்தால், பரந்த எல்லையில் ஏறத்தாழ 0.2 கிடைக்கும். 5 மில்லிமீட்டர் கம்பிமீது நொடிக்கு 5 மீட்டர் காற்று வீசினால் நொடிக்கு 200 அதிர்வுகள் எழும். அது செவிக்குக் கேட்கும் ஒலி. மரபு வளிக்குக் கூறிய ஓசைப் பண்பும் ஆய்வகம் காட்டும் சுழல் வடிவும் இங்கு ஒரே நிகழ்வின் இரு முகங்களாகின்றன.

5. ஆய்வகப் படமும் புயற்காற்றும்

2011 டிசம்பர் 30 அன்று ‘தானே’ புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. காற்றின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 140 கிலோமீட்டரை எட்டியது. பண்ருட்டி வட்டார முந்திரி, பலா மரங்களும் கடலோரத் தென்னைகளும் பெருமளவில் சாய்ந்தன. ஆய்வகத்தில் உருளைமீது கண்ட புகைப்படத்தைக் கொண்டு தென்னையின் அடிமரம் தாங்கிய காற்றை விளக்கலாமா என்பது இயல்பாக எழும் வினா.

30 சென்டிமீட்டர் தடிப்புள்ள அடிமரத்துக்கு அவ்வேகத்தில் ரெனால்டு எண் ஏறத்தாழ 7,30,000. ஆய்வகத்தில் 3 சென்டிமீட்டர் உருளைக்கு நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் கிடைப்பது 9,400 அளவே. இடைவெளி 75 மடங்குக்கு மேற்பட்டது. இவ்விடைவெளிக்குள் ஒரு பெருமாற்றமும் நிகழ்கிறது. வழவழப்பான உருளையில் எண் 2,00,000 முதல் 3,00,000 வரை நெருங்கும்போது எல்லைப் படலமே கொந்தளிப்பு நிலையை அடைந்து, மேற்பரப்பை மேலும் பின்னோக்கித் தழுவிச் செல்கிறது. முன்முனையிலிருந்து ஏறத்தாழ 80 பாகையில் பிரிந்த ஓட்டம் 120 பாகையளவில் பிரிகிறது. பின்புறக் கலங்கல் குறுகுகிறது. இழுவை எண் 1.2 என்னும் அளவிலிருந்து வெகுவாகக் குறைகிறது. தென்னையின் சொரசொரப்பு இம்மாற்றத்தை இன்னும் குறைந்த எண்ணிலேயே தோற்றுவிக்கும். ஆயின் இழுவை அந்த அளவுக்குக் குறையாது. மரம் தாங்கும் விசையில் ஓலைக்கொண்டையின் பங்கும் பெரிது. ஆகவே ஆய்வக உருளைப் படம் அடிமரத்தின் புயல்நிலைப் படம் ஆகாது.

கூர்விளிம்புடைய கட்டடத்தின் நிலை வேறு. தட்டைக்கூரை வீட்டின் மாதிரியில் ஓட்டம் பிரியும் இடத்தை விளிம்பே உறுதி செய்கிறது. ஆதலின் பிரிவிடம் ரெனால்டு எண்ணால் பெரிதும் மாறுவதில்லை. முன்விளிம்பில் பிரிந்த காற்று கூரைக்கு மேல் எழும்புவதையும், கூரையை ஒட்டிய பகுதியில் காற்று பின்னோக்கிச் சுழல்வதையும் சிறு மாதிரியிலேயே காணலாம். அப்பகுதியில் அழுத்தம் குறைவதே புயலில் கூரைத்தகடுகள் மேல்நோக்கிப் பிடுங்கப்படுவதற்குக் காரணம். வளைந்த பொருளின் படத்தை ஐயத்துடனும் விளிம்புடைய பொருளின் படத்தை அதனினும் மிக்க நம்பிக்கையுடனும் படிக்க வேண்டும் என்பது இவ்வொப்பீட்டால் பெறப்படுகிறது.

6. முடிவுரை

இவ்வாய்வால் மூன்று முடிவுகள் எட்டப்படுகின்றன. புகையிழை சுவட்டுக்கோடே ஆதலின், ஓட்டக்கோடு என்னும் சொல்லை மாறா ஓட்டத்தில் மட்டுமே அதற்கு வழங்குதல் வேண்டும். சீர்கெட்ட ஓட்டத்துக்குச் ‘சுழற்சி ஓட்டம்’ என்பதை விடுத்துக் ‘கொந்தளிப்பு ஓட்டம்’ என்பதை ஏற்றல் தகும். ஆய்வகப் படம் ஒவ்வொன்றின் கீழும் ரெனால்டு எண்ணைக் குறித்தல் கட்டாயமாக்கப்பட வேண்டும். எண் இல்லாத படம் அளவுகோல் இல்லாத நிலப்படத்தை ஒக்கும்.

புயல் ஆண்டுதோறும் அச்சுறுத்தும் கடலூர்க் கரையில் வீடு கட்டுவோரும் அதற்கு வரைபடம் தருவோரும் இச்சொற்களின் வழியாகவே காற்றை அறிவர். சொல் பிழைப்பின் கண்டதும் பிழையாகப் பொருள்கொள்ளப்படும். ஆதலின் கலைச்சொல்லைத் தேர்வோர் ஆய்வகத்தில் அதன் பொருளைக் கண்டபின் தேர்தல் நன்று.