பார்ப்பது வேறு, வெட்டுவது வேறு
(கணினியில் படம் திருத்துவோர்க்கு ஒரு பாடம்)

நம் தோட்ட வீடுகளின் சுவர்களில் தொங்கிய பழைய புகைப்படங்கள் பல இப்பொழுது கணினிக்குள் இடம்பெறத் தொடங்கியுள்ளன. பாட்டனார் பாட்டியாரின் திருமணப் படம், இன்று இல்லாத லயத்தின் முன்னே நின்று எடுத்த குடும்பப் படம் போன்றவற்றை நம் பிள்ளைகள் ஸ்கேன் செய்து, கறை நீக்கி, புதிதாக அச்சிட்டுத் தருகின்றனர். இது பாராட்டுதற்குரிய பணியாகும். ஆயினும், இப்பணியில் நேரும் ஒரு சிறு பிழை அப்படத்தையே நாம் இழக்கும்படி செய்துவிடக்கூடும்.

தோட்டம் ஒன்றில் நாம் கண்ட நிகழ்ச்சி இது. ஒரு வீட்டில் பாட்டனாரின் படத்தைக் கறையான் அரித்துவிட்டது. முன்னரே ஸ்கேன் செய்த ஒரே பிரதி கணினியில் எஞ்சியிருந்தது. பேத்தி அதனை ‘ஜிம்ப்’ என்னும் மென்பொருளில் திறந்து வேலை செய்தபோது, படம் திரைக்குள் அடங்காமல் முகத்தின் ஒரு பகுதி மட்டுமே தெரிந்தது. அவள் படத்தின் அளவையே குறைத்து, பழைய கோப்பின்மீதே பதித்துவிட்டாள். திரையில் அழகாகத் தோன்றிய படம் அச்சில் மங்கலாக வந்தது. “மறுபடியும் பெரிதாக்கிவிடலாம் அல்லவா?” என்று தந்தையார் நம்மிடம் கேட்டார். இயலாது என்றே நாம் கூற வேண்டியதாயிற்று.

அடிப்படை உண்மை

பால்மரத்தை அருகில் நின்று பார்த்தால் பெரிதாகத் தெரியும்; நிரையின் கடைசியில் நின்று பார்த்தால் சிறிதாகத் தெரியும். மரம் மாறுவதில்லை. ஆனால் கத்தி ஆழமாக இறங்கி மரத்தைத் தொட்டுவிட்டால், புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாகவே வளரும். கணினியிலும் அவ்வாறே. ‘ஜூம்’ என்பது பார்வை. அது படத்தைத் தொடுவதில்லை. ‘ஸ்கேல் இமேஜ்’ என்பது வெட்டு. அது படத்தையே மாற்றிவிடும்.

கணக்கிட்டுப் பார்ப்போம். 4 அங்குல அகலமும் 6 அங்குல உயரமும் உள்ள படத்தை அங்குலத்திற்கு 300 புள்ளி வீதம் ஸ்கேன் செய்தால், 1,200 × 1,800 புள்ளிகள், அதாவது மொத்தம் 21 இலட்சத்து 60 ஆயிரம் புள்ளிகள் கிடைக்கும். 768 புள்ளி உயரமுள்ள மடிக்கணினித் திரையில் இது முழு அளவில் அடங்காது. அடங்கவேண்டுமென்று 400 × 600 ஆகக் குறைத்தால் எஞ்சுவன 2 இலட்சத்து 40 ஆயிரம் புள்ளிகளே. ஒன்பதில் ஒரு பங்கு! போன புள்ளிகளைப் பின்னர்ப் பெரிதாக்கி மீட்க முடியாது.

குறைகளும் தீர்வுகளும்

1. படம் மிகப் பெரிதாகவோ சிறிதாகவோ தெரிதல்: சாளரத்தின் அடியில் காணும் விழுக்காட்டை முதலில் நோக்குக. ‘வியூ’ பட்டியலில் ‘ஜூம்’ பகுதிக்குச் சென்று ‘ஃபிட் இமேஜ் இன் விண்டோ’ என்பதைத் தெரிவு செய்தால், முழுப் படமும் சாளரத்திற்குள் அடங்கும். படத்தின் தெளிவை ஆராய்வதற்கு 100 விழுக்காட்டில் வைத்துப் பார்ப்பதே நன்று; பிற அளவுகளில் ஓரங்கள் கரடுமுரடாகத் தோன்றக்கூடும்.

2. 100 விழுக்காட்டிலும் படம் சிறிதாக இருத்தல்: ‘வியூ’ பட்டியலில் ‘டாட் ஃபார் டாட்’ நீக்கப்பட்டிருக்கலாம். அது நீங்கினால், படம் அச்சில் வரவேண்டிய அளவிலேயே திரையில் காட்டப்படும். அங்குலத்திற்கு ஏறத்தாழ 100 புள்ளி கொண்ட திரையில், 300 புள்ளிப் படம் மூன்றில் ஒரு பங்காகத் தோன்றும். அதனை மீண்டும் தெரிவு செய்தால் குறை தீரும்.

3. படம் ஓரத்திற்குச் சென்று மறைதல்: ‘வியூ’ பட்டியலில் ‘சென்டர் இமேஜ் இன் விண்டோ’ என்பதைத் தெரிவு செய்தால் படம் நடுவிற்கு வரும்.

4. கருவிகள் அனைத்தும் மறைதல்: பெரும்பாலும் ‘டேப்’ விசையில் கைபட்டதே காரணம். அதே விசையை மீண்டும் அழுத்தினால் கருவிகள் திரும்பும். சாளரத்தின் தலைப்புப் பட்டை மறைந்து, படம் திரை முழுவதும் பரவியிருந்தால் ‘எஃப் 11’ விசையை அழுத்துக. கருவிப்பெட்டி ஒன்று மட்டும் மூடப்பட்டிருந்தால், ‘விண்டோஸ்’ பட்டியலில் ‘ரீசன்ட்லி குளோஸ்டு டாக்ஸ்’ என்பதில் தேடுக.

5. சாளரங்கள் சிதறிக் கிடத்தல்: ஜிம்ப்பின் பழைய பதிப்புகளில் படமும் கருவிகளும் தனித்தனிச் சாளரங்களில் இருந்தன. 2012இல் வந்த 2.8 பதிப்பில் ஒற்றைச் சாளர முறை சேர்க்கப்பட்டது. ‘விண்டோஸ்’ பட்டியலில் ‘சிங்கிள் விண்டோ மோட்’ என்பதைத் தெரிவு செய்தால் எல்லாம் ஒன்று சேரும்.

6. எதற்கும் சீராகாமை: ‘எடிட்’ பட்டியலில் ‘பிரிஃபரன்சஸ்’ திறந்து, ‘விண்டோ மேனேஜ்மென்ட்’ பகுதியில் சாளர இடங்களைத் தொடக்க நிலைக்கு மாற்றும் பொத்தானை அழுத்தி, மென்பொருளை மூடித் திறந்திடுக.

இவ்வாறு கூறியவற்றுள் எதுவும் படத்தின் ஒரு புள்ளியையும் மாற்றுவதில்லை என்பதைக் கவனித்தல் வேண்டும். இவையெல்லாம் பார்வையைச் சேர்ந்தவை.

காக்கும் வழி

வேலை தொடங்குமுன் மூலக் கோப்பைப் பிரதி எடுத்து வேறோரிடத்தில் வைத்திடுக. பிரதியில் மட்டுமே கைவைத்திடுக. தவறு நேர்ந்தால் ‘கண்ட்ரோல்’ விசையுடன் ‘இசட்’ விசையை உடனே அழுத்துக. கோப்பை மூடிவிட்டால் அவ்வழியும் அடைபட்டுவிடும். ‘ஃபைல்’ பட்டியலில் உள்ள ‘ஓவர்ரைட்’ என்னும் சொல்லைக் கண்டால் நின்று சிந்தித்திடுக. அது பழைய கோப்பை அழித்து அதன்மேல் எழுதும். ‘எக்ஸ்போர்ட் ஆஸ்’ வழியே புதுப் பெயரிட்டுப் பதிவதே பாதுகாப்பானது.

பயிற்சி

ஒரு படத்தைத் திறந்து, ‘இமேஜ்’ பட்டியலின் ‘ஸ்கேல் இமேஜ்’ பகுதியில் அகலத்தையும் உயரத்தையும் குறித்துக்கொண்டு, மாற்றாமல் வெளியேறுக. பின்னர் ஜூமை 50, 100, 200 விழுக்காடுகளுக்கு மாற்றி, ஒவ்வொரு முறையும் அவ்வெண்களை ஒப்பிடுக. எண்கள் மாறாமையைப் பிள்ளைகள் தம் கண்ணால் காணட்டும். சீவுவதற்கு முன் மரத்தை நன்கு பார்க்கும் பழக்கம் நமக்கு உண்டு. அப்பழக்கத்தை அவர்கட்கும் கற்பிப்போமாக.