முகத் துளைகளுக்குக் கதவு உண்டா?

மாணவர்களே, சென்ற மாதம் என் வகுப்பு மாணவி ஒருவர் மூன்று நாள் முகக்கவரியைக் கழற்றவே இல்லை. சளியோ காய்ச்சலோ இல்லை. “மூக்கில் பெரிய பெரிய ஓட்டை தெரிகிறது டீச்சர்” என்று திறன்பேசிக் காணொளி ஒன்றைப் பார்த்து, எலுமிச்சைச் சாற்றில் சமையல் சோடாவைக் கலந்து தேய்த்திருக்கிறார். கன்னமும் மூக்கும் சிவந்து, தோல் உரிந்துவிட்டது. துளைகள் மட்டும் அப்படியே இருந்தன.

அவர் செய்த தவறு எங்கே தொடங்கியது? துளை என்பது என்ன என்று தெரியாமல் அதை மூட முயன்றதில்தான். அதை இன்று தெரிந்துகொள்வோம்.

துளை என்பது என்ன?

நம் முகத்தில் கண்ணுக்குத் தெரியும் துளை ஒவ்வொன்றும் ஒரு மயிர்க்குழியின் வாய். அந்தக் குழியின் பக்கவாட்டில் எண்ணெய்ச் சுரப்பி ஒன்று ஒட்டியிருக்கிறது. அது சீபம் எனும் எண்ணெய்ப் பசையைச் சுரந்து, துளை வழியாக வெளியே அனுப்புகிறது. தோல் வறண்டு போகாமல் காப்பது அதன் வேலைகளுள் ஒன்று. வியர்வைத் துளைகள் வேறு. அவை வெறுங்கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறியவை.

இதை நீங்களே சோதிக்கலாம். முகம் கழுவி இரண்டு மணி நேரம் கழித்து, மெல்லிய தாளை மூக்கு, கன்னம், உள்ளங்கை ஆகிய மூன்று இடங்களிலும் அழுத்தி எடுங்கள். தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பெரும்பாலும் மூக்கு பட்ட இடம்தான் அதிகம் எண்ணெய் ஊறித் தெரியும். உள்ளங்கையில் வியர்க்கும், ஆனால் அங்கே மயிர்க்குழியும் இல்லை, எண்ணெய்ச் சுரப்பியும் இல்லை.

பதின்ம வயதில் ஆண், பெண் இருபாலருக்கும் ஆண்ட்ரோஜன் வகை ஹார்மோன்கள் கூடுகின்றன. அவை எண்ணெய்ச் சுரப்பிகளைப் பெரிதாக்கி, சீபத்தை அதிகம் சுரக்க வைக்கின்றன. அதனால் துளைகளும் எடுப்பாகத் தெரிகின்றன. பரம்பரையும் ஒரு காரணம். அப்பாவின் மூக்கை உற்றுப் பார்த்தால் உங்களுக்கே விளங்கும்!

ஆவி திறக்குமா? பனிக்கட்டி மூடுமா?

துளையின் வாயைச் சுற்றித் திறந்து மூடும் தசை எதுவும் இல்லை. “புல்லரிக்கும்போது தசை வேலை செய்கிறதே?” என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. அந்தச் சிறு தசை மயிரை நிமிர்த்துகிறது, துளையை மூடுவதில்லை.

அப்படியானால் ஆவி பிடித்தால் என்ன நடக்கிறது? வெப்பத்தில் சீபம் இளகுகிறது, அவ்வளவுதான். பனிக்கட்டி வைத்தால் இரத்தக் குழாய்கள் சுருங்கிச் சிவப்பு குறைகிறது, தோல் இறுகியது போல் தோன்றுகிறது. சிறிது நேரத்தில் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

கறுப்பு நிறம் அழுக்கா?

இறந்த தோல் அணுக்களும் சீபமும் சேர்ந்து துளையை அடைக்கும்போது, அடைப்பின் மேற்பகுதி காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் வினைபுரிந்து கருமையாகிறது. அதுவே கரும்புள்ளி. அது அழுக்கு அன்று. அதனால் தேய்த்துக் கழுவினாலும் போகாது. மூக்கில் வரிசையாகத் தெரியும் சாம்பல் நிறப் புள்ளிகள் பல நேரங்களில் கரும்புள்ளிகூட அல்ல. அவை துளைக்குள் இயல்பாக இருக்கும் சீப இழைகள். ஒட்டுப்பட்டையால் பிடுங்கினாலும் சில வாரங்களில் மீண்டும் நிரம்பிவிடும்.

எலுமிச்சை ஏன் சுட்டது?

நம் தோலின் பி.எச். அளவு ஏறத்தாழ 5. எலுமிச்சைச் சாறோ ஏறத்தாழ 2. வேறுபாடு வெறும் 3 என்று நினைக்காதீர்கள். பி.எச். அளவில் ஒவ்வோர் எண்ணும் 10 மடங்கு; ஆக, 10 × 10 × 10 = 1,000 மடங்கு அமிலத்தன்மை! சமையல் சோடாவோ காரம். அதன் கரைசலின் பி.எச். 8-க்கும் மேல். இரண்டுமே தோலின் மேலுள்ள காப்புப் படலத்துக்குப் பகை. மேலும், எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்புளமும் கருந்தழும்பும் வரலாம்.

மறைக்க முடியாது, குறைக்க முடியும்

ஓர் ஆரஞ்சுப் பழத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இருட்டறையில் கைவிளக்கை அதற்கு நேராகப் பிடியுங்கள். பிறகு பக்கவாட்டிலிருந்து பிடியுங்கள். பக்க ஒளியில் குழிகள் பெரிதாகத் தெரிகின்றன அல்லவா? பழம் மாறவில்லை, நிழல் மாறியது. முகத் துளையும் அப்படித்தான். துளையை இல்லாமல் ஆக்க முடியாது. ஆனால் அதன் தோற்றத்தைக் குறைக்கலாம்:

1. காலையும் இரவும், வியர்த்த பின்னும் மென்மையான முகக் கழுவியால் கழுவுங்கள். அதற்கு மேல் வேண்டாம்.

2. 0.5 முதல் 2 விழுக்காடு சாலிசிலிக் அமிலம் உள்ள கழுவி உதவும். அது எண்ணெயில் கரையும். ஆகவே அடைப்புக்குள் ஊடுருவி இறந்த அணுக்களைத் தளர்த்தும். எரிச்சல் வந்தால் நிறுத்திவிடுங்கள்.

3. எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேற்பட்ட வெயில் காப்புக் களிம்பு பூசுங்கள். புற ஊதாக் கதிர் தோலின் கொலாஜனைச் சிதைக்கிறது. துளையைத் தாங்கும் சுவர் தளர்ந்து வாய் அகலமாகத் தெரிகிறது. பூமத்திய ரேகைக்கு அருகில் வாழும் நமக்கு இது முக்கியம்.

4. கிள்ளாதீர்கள். தழும்பு துளையைவிடப் பெரியது.

பருக்கள் அதிகமாக இருந்தால் மருத்துவரைப் பாருங்கள். அடபலின் போன்ற மருந்துகளை மருத்துவர் அல்லது மருந்தாளரைக் கேட்காமல் பூச வேண்டாம்.

வாங்குமுன் மூன்று கேள்விகள்

“ஏழே நாளில் துளைகள் மாயம்” என்று இணையத்தில் விற்கும் களிம்புகளில் ஆபத்து இருக்கலாம். மலேசியாவின் தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமையும் சிங்கப்பூரின் சுகாதார அறிவியல் ஆணையமும், பாதரசம் கலந்த முகக் களிம்புகளைக் குறித்துப் பலமுறை எச்சரித்துள்ளன. பாதரசம் தோல் வழியே உடலுக்குள் சென்று சிறுநீரகத்தைப் பாதிக்கும். எனவே, காசு கொடுக்குமுன் கேளுங்கள்: உட்பொருள் பட்டியல் இருக்கிறதா? தயாரித்தவர் யார் என்று அச்சிட்டிருக்கிறதா? துளை “மூடும்” என்று சொன்னால், எந்தத் தசை மூடும்?

என் மாணவியின் தோல் இரண்டு வாரத்தில் ஆறிவிட்டது. முகக்கவரி இல்லாமல் வந்த அன்று, ஆரஞ்சுப் பழச் சோதனையை வகுப்புக்குச் செய்து காட்டியவர் அவர்தான். “கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நான் பார்க்கிற தூரத்தில் வேறு யாரும் என்னைப் பார்ப்பதில்லை” என்றார். அதுவும் ஓர் அறிவியல் உற்றறிதல்தானே!