தோம்பில் இல்லாத வீடு

சென்ற தவணையில் உயர்தரச் சித்திர வகுப்பிலே கலைச் சேகரிப்பாளர்கள் பற்றிப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். ஹான்ஸ் ஸ்லோன் என்ற மருத்துவர் வாழ்நாளெல்லாம் சேர்த்த பொருள்களைக் கொண்டுதான் 1753இல் பிரித்தானிய அருங்காட்சியகம் உருவானது என்று சொன்னேன். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். "ரீச்சர், காசு இல்லாதவங்க சேகரிப்பாளராக ஏலாதா?"

அன்று மணி அடித்துவிட்டதால் மறுமொழி சொல்ல முடியவில்லை. அந்த மறுமொழியைத்தான் இங்கே எழுதுகிறேன். அதற்காகத் தூரதேசம் போகத் தேவையில்லை. நமது யாழ்ப்பாணத்திலேயே ஒருவர் இருக்கிறார்.

தா. சனாதனன் 1969இல் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். தில்லிப் பல்கலைக்கழகத்தில் ஓவியம் பயின்று, ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை வரலாற்றுப் பேராசிரியர். ஓவியராக அறியப்பட்ட அவர், ஒரு கட்டத்தில் மற்றவர்களிடமிருந்து பொருள்களையும் நினைவுகளையும் கேட்டு வாங்கத் தொடங்கினார். அவ்வாறு வாங்கியவற்றை ஒழுங்குபடுத்தி வைப்பதே அவருடைய கலையாயிற்று.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் அழிந்தன என்பதை நீங்கள் அறிவீர்கள். அந்த நூலகம் புதுப்பிக்கப்பட்ட பின், 2004இல் அங்கே 'அகம் புறம்' என்ற கண்காட்சி நடந்தது. அதில் சனாதனன் வைத்த படைப்பின் பெயர் 'வரலாறுகளின் வரலாறு' என்று பொருள்படும். யாழ்ப்பாணத்து வீடுகளில் மக்கள் போரின் நினைவாக வைத்திருந்த பொருள்களைச் சேகரித்து அங்கே காட்சிக்கு வைத்தார். நூல்களை இழந்த கட்டடத்துக்குள் வீட்டுச் சாமான்கள் வரலாறாக நுழைந்தன. பின்னர், 2010இல் கனடாவின் வான்கூவர் நகரத்து மானிடவியல் அருங்காட்சியகத்தில், அங்கு வாழும் இலங்கைத் தமிழர் கொடுத்த பொருள்களைக் கண்ணாடிப் போத்தல்களில் இட்டுக் காட்டினார். அவற்றுள் எதையும் சந்தையில் விற்க முடியாது. ஆனால் கொடுத்தவருக்கு அது வீடு.

அவருடைய படைப்புகளில் நான் உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல விரும்புவது 2011இல் வெளிவந்த ஒரு நூலை. ஷர்மினி பெரேராவின் 'ரேக்கிங் லீவ்ஸ்' பதிப்பகம் அதை வெளியிட்டது. அதன் ஆங்கிலத் தலைப்பை 'முற்றுப்பெறாத தோம்பு' என்று தமிழில் சொல்லலாம்.

தோம்பு என்றால் என்ன? போர்த்துக்கேய மொழியிலிருந்து நம்மிடம் வந்த சொல் அது. ஒல்லாந்தர் காலத்தில் யார் யாருக்கு எந்தக் காணி, எவ்வளவு பரப்பு, அதற்கு என்ன வரி என்றெல்லாம் பதிந்துவைத்த ஏடுகளுக்குத் தோம்பு என்று பெயர். ஆட்களைப் பதிந்தது தலைத்தோம்பு, காணியைப் பதிந்தது காணித்தோம்பு. ஆள்வோர் தங்கள் தேவைக்காக எழுதிய கணக்கு அது.

சனாதனன் அந்தப் பெயரை எடுத்து வேறொரு கணக்கு எழுதினார். வடக்கிலும் கிழக்கிலும் போரினால் வீட்டை விட்டுப் போன, தமிழ் பேசும் 80 பேரைச் சந்தித்தார். விட்டுவந்த வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து கீறித் தரும்படி கேட்டார். அவர்கள் கையால் கீறிய படம், அதைக் கட்டடக் கலைஞர் அளவோடு திருத்தி வரைந்த படம், அவர்கள் சொன்ன கதை, அந்தக் கதையைக் கேட்டு சனாதனன் பஸ்டலால் வரைந்த ஓவியம் ஆகிய எல்லாம் சேர்ந்து ஒரு வீடு. புத்தகமும் கந்தோர்க் கோப்பு மாதிரியே கட்டப்பட்டிருக்கும்.

இந்த நூலைப் பார்த்த அன்று எனக்கு நித்திரை வரவில்லை. என் உம்மும்மாவின் வீடு சோனகத் தெருப் பக்கம் இருந்தது. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி, இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேற வேண்டும் என்ற அறிவிப்போடு அந்த வீடு எங்களுக்கு முடிந்துபோயிற்று. நான் பிறந்தது புத்தளத்தில். அந்த வீட்டை நான் கண்டதில்லை. உறுதியும் எங்கேயோ தவறிவிட்டது.

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் உம்மும்மாவிடம் கொப்பியும் பென்சிலும் கொடுத்தேன்.

"எனக்குக் கீறத் தெரியாது மகள்."

"தெரிஞ்ச மாதிரி கீறுங்க உம்மும்மா."

கிணற்றிலிருந்து தொடங்கினார். பிறகு குசினி, பிறகு முற்றம். முன் விறாந்தை கடைசியாகத்தான் வந்தது, அதுவும் தாளில் இடம் போதாமல் ஒடுங்கிப்போய். பக்கத்து மதிலில் சின்னதாக ஒரு கட்டம் போட்டார். அது என்ன என்று கேட்டேன். பக்கத்து வீட்டுக்குப் போகும் கதவாம். பெண்கள் தெருவுக்கு இறங்காமலே அதால் போய் வருவார்களாம். இந்தக் கதவைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசி நான் கேட்டதேயில்லை.

மாமா வந்து எட்டிப் பார்த்தார். "இதைக் கொண்டுபோய்க் கச்சேரியில காட்டினா காணி கிடைக்குமா?" என்றார். கோபத்தில் கேட்கவில்லை, களைப்பில் கேட்டார். கிடைக்காது என்பதுதான் உண்மை. சித்திரம் காணியைத் திருப்பித் தரும் என்று உங்களுக்கு நான் படிப்பிக்க மாட்டேன்.

ஆனால் அன்றிரவு உம்மும்மா ஒரு ரெலிபோன் இலக்கத்தைத் தேடச் சொன்னார். அந்தப் பக்கத்து வீட்டுப் பெண் இப்போது கொழும்பில் இருக்கிறார். பல வருசமாகப் பேச்சில்லை. "மதில் கதவு கிணத்துக்கு அங்காலயா இங்காலயா?" என்பதுதான் உம்மும்மாவின் முதல் கேள்வி. அந்தப் பக்கத்திலிருந்து வந்த பதில் வேறாக இருந்தது. இருவரும் ஒரு மணித்தியாலம் அந்தக் கதவைப் பற்றி வாதாடினார்கள், சிரித்தார்கள், பிறகு இருவருமே பேசாமல் இருந்தார்கள். அடுத்த கிழமை கொழும்பிலிருந்து இன்னொரு படம் தபாலில் வந்தது. அதில் கதவு மறுபக்கத்தில் இருந்தது.

எது சரி? நான் திருத்தவில்லை. இரண்டையும் ஒரே கோப்பில் வைத்திருக்கிறேன். உம்மும்மாவின் படத்தில் கிணறு விறாந்தையைவிடப் பெரியது. அளவுகோலின்படி அது பிழை. ஆனால் அவருடைய நாளில் பெரும்பகுதி எங்கே கழிந்தது என்பதை அந்தப் பிழைதான் சொல்கிறது. மாமாவைக் கீறச் சொன்னபோது அவர் தெருவாசலிலிருந்து தொடங்கினார். குசினிக்கு ஒரு சிறு சதுரம் போதுமாயிருந்தது. ஒரே வீடு, இரண்டு தோம்பு. சனாதனன் தன் நூலை முற்றுப்பெறாதது என்று அழைத்ததன் பொருள் எனக்கு அப்போதுதான் முழுதாக விளங்கியது. இன்னும் எத்தனையோ பேர் கீறாமல் இருக்கிறார்கள். கீறியவர்களும் முழுவதையும் கீறவில்லை.

சேகரித்ததைப் பாதுகாக்க வேண்டும் என்பது இந்தப் பாடத்தின் அடுத்த பகுதி. 2013இல் யாழ்ப்பாணத்தில் சமகாலக் கலை, கட்டடக்கலை, வடிவமைப்பு ஆகியவற்றுக்கான இலங்கைச் சுவடிக்கூடம் தொடங்கப்பட்டது. அதை உருவாக்கியவர்களில் சனாதனனும் ஒருவர். கொழும்பில்தான் இப்படியானவை இருக்கும் என்ற எண்ணத்தை அது மாற்றியது. நூலகம் எரிந்த ஊரில், தாள்களைப் பத்திரப்படுத்துவதும் ஒரு கலைஞரின் வேலையாகிறது.

மாணவியரே, கேள்வி கேட்டவளுக்கும் உங்கள் எல்லோருக்கும் ஒரு பயிற்சி தருகிறேன். வீட்டிலுள்ள மூத்தவர் ஒருவரிடம் அவர் விட்டுவந்த வீட்டைக் கீறித் தரச் சொல்லுங்கள். அடிமட்டம் கொடுக்காதீர்கள். எங்கிருந்து தொடங்குகிறார் என்று கவனியுங்கள். பிழை என்று தோன்றினால் அழிக்காதீர்கள்; ஏன் என்று கேட்டு எழுதுங்கள். சொல்ல விரும்பாததைக் கேட்டு வற்புறுத்த வேண்டாம். தாளின் பின்னால் திகதியையும், அவர் சம்மதித்தால் பெயரையும் குறியுங்கள். வீட்டிலுள்ள ஒரு பழைய பொருளையும் காட்டச் சொல்லி, அது எப்படி வந்தது என்று இரண்டு வரி எழுதுங்கள்.

இதற்குத் தேவை ஒரு பென்சிலும், கேட்டுக்கொண்டிருக்கும் பொறுமையும்தான். காசு தேவையில்லை. ஆனால் காலம் தேவை. உம்மும்மாவுக்கு இப்போது கை நடுங்குகிறது. இந்தப் படத்தை நான் ஐந்து வருசம் முந்திக் கேட்டிருந்தால் கோடுகள் நேராக வந்திருக்கும். ஐந்து வருசம் பிந்தியிருந்தால் படமே இராது. அடுத்த தவணை தொடங்கும்போது உங்கள் படங்களோடு வாருங்கள். கோப்பு நான் வாங்கி வைத்திருக்கிறேன்.