எறிந்த தட்டு எங்கே?

அமெரிக்கா, பின்லாந்து காட்டுத் திடல்களில் டிஸ்க் கோல்ஃப் (தட்டை எறிந்து கூடையில் சேர்க்கும் ஆட்டம்) ஆடுவோருக்குப் பெரிய தொல்லை, தட்டு புதருக்குள் மறைவதுதான். போட்டியில் தேடக் கிடைப்பது 3 நிமிடமே!

* பட்டன் போன்ற புளூடூத் கருவியைத் தட்டில் ஒட்டினால், போனைத் தட்டியதும் 'பீப்' ஒலிக்கும். ஆனால், கிட்டப் போனால்தான் சிக்னல் சிக்கும். விழுந்த திசையைக் கண்ணால் குறித்துக்கொள்ளுங்கள்.

* அடிப்பக்க நடுவில் ஒட்டுங்கள். ஓரத்தில் ஒட்டினால் தட்டு தள்ளாடும்.

* இவ்வகைக் கருவியான ஆப்பிள் ஏர்டேக்கின் எடை சுமார் 11 கிராம். 175 கிராம் தட்டின் போக்கையே மாற்றிவிடலாம்; முதலில் வெட்டவெளியில் வீசிப் பழகுங்கள்.

* தண்ணீருக்குள் மூழ்கினால் சிக்னல் வராது. குளக்கரை ஆட்டத்துக்கு மிதக்கும் தட்டே நல்லது.

* தட்டின் அடியில் மார்க்கரால் போன் எண்ணை எழுதுங்கள். பேட்டரி தீர்ந்தாலும் அது கைகொடுக்கும்.

போட்டி என்றால், கருவி ஒட்ட அனுமதி உண்டா என்று முன்கூட்டியே நடத்துபவரிடம் கேட்டுவிடுங்கள்.