பழகுநர் எடுபிடி அல்ல

"டிப்ளமா படித்தும் வேலை தெரியவில்லை" என்று பட்டறை நடத்தும் நம்மவர்கள் குறைப்படுகிறார்கள். ரயில்வேயில் அப்ரண்டிஸ்களைப் பழக்கியவன் என்ற முறையில் சொல்கிறேன்: பாடம் கல்லூரி தரும், கைப்பழக்கம் பட்டறைதான் தரவேண்டும்.

1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டத்தில் 1973 திருத்தம் பட்டதாரிகளையும் டிப்ளமாதாரர்களையும் சேர்த்தது. 2019 விதித் திருத்தப்படி, 30 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனம் பழகுநர்களை எடுப்பது கட்டாயம். 4 முதல் 29 பேர் உள்ள பட்டறை விரும்பினால் எடுக்கலாம். டிப்ளமா பழகுநருக்கான குறைந்தபட்ச உதவித்தொகையில் பாதியை மத்திய அரசு ஈடுசெய்கிறது.

ஒப்பந்தத்தை முறையாகப் பதிவு செய்யுங்கள். கல்லூரி ஆசிரியரோடு கலந்து, எந்த மாதம் லேத், எந்த மாதம் அளவுச் சோதனை என்று எழுதிவைத்து, பயிற்சிக் குறிப்பேட்டை இருவரும் பாருங்கள். ஓராண்டு டீ வாங்கவே அனுப்பினால் சான்றிதழ் வரும், தொழில் வராது.